ரிட்டர்ன் போட்டாச்சு, தவறு இப்போதுதான் தெரிகிறது: வரி கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே ரகம். 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்தாகிவிட்டது. கெடுவும் 2025 செப்டம்பர் 16-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஏதோ விட்டுப்போனது கண்ணில் படுகிறது. திருத்துவதற்கு நான்கைந்து வழிகள் உண்டு, ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. தவறு உங்களுடையதா, துறையின் கணினி செய்ததா, டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்தவர் செய்ததா என்று முதலில் பாருங்கள். பிறகு காலண்டரைப் பாருங்கள். பதில்கள் எல்லாம் 2025 நவம்பர் நிலவரப்படி.

கேள்வி: 2024 ஆகஸ்டில் வேலை மாறினேன். பழைய கம்பெனியில் நான்கு மாதம், மாதம் 60,000 ரூபாய். புதிய கம்பெனியில் எட்டு மாதம், மாதம் 70,000. இரண்டு இடத்திலும் டி.டி.எஸ். பிடிக்கவில்லை. புதிய கம்பெனியின் படிவம் 16-ஐ மட்டும் வைத்து, புதிய வரி முறையில் ஜூலையிலேயே ரிட்டர்ன் போட்டேன். பாக்கி எதுவும் இல்லை என்று இன்டிமேஷனும் வந்துவிட்டது. இப்போது துறையின் ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் பழைய சம்பளமும் தெரிகிறது. இனி திருத்த முடியுமா? வரி வருமா?
*- தனியார் நிறுவன ஊழியர், கோவை*

பதில்: முடியும், வரியும் வரும். இன்டிமேஷன் வந்துவிட்டால் கதவு மூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 143(1) பிரிவின் கீழ் வருவது கணினி சரிபார்த்து அனுப்பும் தாள்தான், அது வரி மதிப்பீடு ஆகாது. எனவே 139(5) பிரிவின் கீழ் திருத்திய ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

வேலை மாறுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது என்பதால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். முதல் கம்பெனி உங்கள் 2,40,000-த்தில் நிலையான கழிவாக 75,000-ஐக் கழித்தது, வரி வரவில்லை. இரண்டாவது கம்பெனி 5,60,000-த்தில் மறுபடியும் 75,000-ஐக் கழித்தது. மீதி 4,85,000. ஏழு லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அங்கும் வரி பூஜ்யம். ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியாகச் சரி, சேர்த்துப் பார்த்தால் தப்பு. மொத்தச் சம்பளம் 8,00,000. நிலையான கழிவு ஒரு முறைதான். வரிக்குரிய வருமானம் 7,25,000. ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போய்விட்டது. மூன்று முதல் ஏழு லட்சம் வரை 5 சதவீதம் என்று 20,000, அதற்கு மேலுள்ள 25,000-க்கு 10 சதவீதம் என்று 2,500. செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 23,400 ரூபாய்.

இதற்கு மேல் வட்டி. முன்கூட்டிய வரி கட்டாததற்காக 234பி பிரிவில் ஏப்ரல் முதல் மாதம் 1 சதவீதம். நவம்பருக்குள் கட்டினால் எட்டு மாதத்துக்கு 1,872 ரூபாய். தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவில் 1,179 ரூபாய். ஆக மொத்தம், பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால், 26,450. டிசம்பருக்குத் தள்ளினால் இன்னும் 234 ரூபாய் கூடும். முதல் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டுவிட்டதால் தாமதக் கட்டணமும் இல்லை, தாமதத் தாக்கலுக்கான 234ஏ வட்டியும் இல்லை.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் பணம், பிறகு ரிட்டர்ன். வருமான வரித் துறையின் போர்ட்டலில் 'இ-பே டாக்ஸ்' பகுதியில் மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2025-26, கட்டண வகை 'செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ் 300' என்று தேர்ந்தெடுத்துக் கட்டுங்கள். சலானில் உள்ள பி.எஸ்.ஆர். கோடு, தேதி, வரிசை எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'இ-ஃபைல்' மெனுவில் 'ஃபைல் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்' போய், தாக்கல் வகையில் 139(5) 'ரிவைஸ்டு' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் தாக்கல் செய்த தேதியையும் கேட்கும். அங்கே இன்டிமேஷனின் எண்ணையோ தேதியையோ போட்டுவிடாதீர்கள்.

திருத்திய ரிட்டர்ன் என்பது விட்டுப்போனதை மட்டும் சேர்த்து அனுப்பும் துண்டுச் சீட்டு கிடையாது. முழு ரிட்டர்னையும் புதிதாக நிரப்ப வேண்டும், ஏனென்றால் பழையதன் இடத்தில் இதுதான் உட்காரும். பழையதில் சரியாகக் காட்டியிருந்த சேமிப்புக் கணக்கு வட்டி இதில் விடுபட்டால், ஒரு தவறைத் திருத்தப்போய் இன்னொன்றைச் செய்தவர் ஆவீர்கள். கடைசியாக ஆதார் ஓ.டி.பி. கொடுத்து இ-வெரிஃபை செய்யும்வரை வேலை முடிவதில்லை. அதைச் செய்யாமல் விட்டால் திருத்திய ரிட்டர்ன் செல்லாது, பழைய தப்பு ரிட்டர்னே நிற்கும்.

கேள்வி: நானும் திருத்திய ரிட்டர்ன்தான் போட வேண்டும். ஆனால் 18,000 ரூபாய் ரீஃபண்ட் வங்கிக்கு வந்துவிட்டது. சரியாகக் கணக்குப் போட்டால் 5,000தான் வர வேண்டும். வாங்கிய பணத்தை எப்படித் திருப்புவது?
*- ஈரோடு வாசகர்*

பதில்: திருத்திய ரிட்டர்னில் 5,000 ரீஃபண்ட் என்று உள்ளபடி காட்டுங்கள். அதைச் சரிபார்க்கும்போது ஏற்கெனவே கொடுத்த 18,000-ஐக் கழித்து, வித்தியாசத்தை 'டிமாண்ட்' ஆகக் கேட்டு நோட்டீஸ் வரும். வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். 'இ-பே டாக்ஸ்'-இல் இதற்கான கட்டண வகை 400. டிமாண்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கட்டினால் அது தானே வரவு வைக்கப்படும். 30 நாள் தாண்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும். அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாமல் தனியே வைத்திருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ரீஃபண்ட் 'ஃபெயில்டு' என்று வருகிறது. ரிட்டர்னில் கொடுத்த வங்கிக் கணக்கை மூடிவிட்டேன். திருத்திய ரிட்டர்ன் போடட்டுமா?
*- வேலூர் வாசகி*

பதில்: வேண்டாம். 'மை புரொஃபைல்' பகுதியில் புதிய கணக்கைச் சேர்த்து 'வேலிடேட்' செய்யுங்கள். வங்கியில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் ஓரிடத்தில் விரிவாகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் இருந்தால் இங்கேதான் சிக்கும். பிறகு 'சர்வீசஸ்' மெனுவில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கேளுங்கள். முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் மாற்றத்துக்கும் இதே புரொஃபைல் பகுதி போதும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். வங்கி பிடித்த டி.டி.எஸ். 32,000 ரூபாய் என்று ரிட்டர்னில் காட்டினேன். இன்டிமேஷனில் 24,000தான் ஒப்புக்கொண்டு, மீதியை வட்டியோடு கட்டச் சொல்கிறார்கள். வங்கி கொடுத்த சான்றிதழில் 32,000தான் இருக்கிறது. திருத்திய ரிட்டர்னா, ரெக்டிஃபிகேஷனா?
*- திருச்சி வாசகர்*

பதில்: உங்கள் ரிட்டர்ன் சரி, எனவே திருத்திய ரிட்டர்ன் தேவையில்லை. இன்டிமேஷனில் இரண்டு நெடுவரிசைகள் இருக்கும்: நீங்கள் காட்டியது ஒன்று, துறை கணக்கிட்டது இன்னொன்று. எந்த வரிசையில் முதன்முதலாக இரண்டும் பிரிகின்றன என்று மேலிருந்து கீழே விரலை வைத்துப் பாருங்கள். வருமானம் காட்டும் வரிசைகள் எல்லாம் ஒத்துப்போய், டி.டி.எஸ். வரிசையில் மட்டும் பிரிந்தால் சிக்கல் வங்கிப் பக்கம்.

அடுத்து, உங்கள் பானில் வரவான வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையைத் திறந்து, காலாண்டு வாரியாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு காலாண்டு அப்படியே காணாமல் போயிருக்கும். வங்கி அந்தக் காலாண்டு அறிக்கையில் உங்கள் பானைத் தவறாக எழுதியிருக்கலாம், அல்லது பிடித்த பணத்துக்கான சலான் பொருந்தாமல் இருக்கலாம். சான்றிதழை மட்டும் காட்டி வாதாடிப் பயனில்லை. துறையின் கணினி பார்ப்பது 26ஏ.எஸ்.ஸைத்தான். எந்தக் காலாண்டு, எவ்வளவு தொகை என்று குறிப்பிட்டு, டி.டி.எஸ். அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்யும்படி கிளைக்கு எழுத்தில் கேளுங்கள். மேலாளரிடம் வாயால் சொன்னால் நகராது. ஒப்புகை முத்திரையோடு நகல் வாங்குங்கள்.

26ஏ.எஸ்.ஸில் 32,000 முழுதும் தெரிந்த பிறகுதான் 154-ஆம் பிரிவின் கீழ் ரெக்டிஃபிகேஷன், அதாவது இன்டிமேஷனில் உள்ள பிழையைத் திருத்தக் கேட்பது. 'சர்வீசஸ்', 'ரெக்டிஃபிகேஷன்', 'நியூ ரிக்வெஸ்ட்' என்று போய் 'டாக்ஸ் கிரெடிட் மிஸ்மேட்ச்' வகையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்பே அவசரப்பட்டுக் கேட்டால், அதே 24,000-தான் மறுபடியும் வரும். இன்டிமேஷன் வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை இதற்கு அவகாசம் உண்டு. ஆனால் டிமாண்ட் காத்திருக்காது. 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' திறந்து, ஒப்புக்கொள்ளவில்லை என்று காரணத்தோடு 30 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பதில் சொல்லாமல் விட்டால், அடுத்த ஆண்டு உங்களுக்கு வரவேண்டிய ரீஃபண்டில் பிடித்துக்கொள்ள வழியாகிவிடும்.

வேறு சிலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். 80சி கழிவைக் கேட்க மறந்துவிட்டு, அதற்கு ரெக்டிஃபிகேஷன் போடுகிறார்கள். ஆவணத்தில் வெளிப்படையாகத் தெரியும் பிழையை மட்டுமே 154 திருத்தும். ரிட்டர்னில் கேட்காத ஒன்றைப் புதிதாகக் கேட்கத் திருத்திய ரிட்டர்ன்தான் வழி. மதிப்பீட்டு அதிகாரியிடம் கடிதம் கொடுத்துப் புதிய கழிவு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் கோட்ஸ் இந்தியா வழக்கில் சொல்லிவிட்டது.

கேள்வி: சம்பளத்தோடு பகுதி நேரமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையும் பார்க்கிறேன். கமிஷன் 1,85,000 ரூபாய், அதில் 9,250 டி.டி.எஸ். பிடித்திருந்தார்கள். ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட்டு அந்த டி.டி.எஸ்.ஸையும் கேட்டேன். 139(9) என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
*- திண்டுக்கல் வாசகர்*

பதில்: பயம் வேண்டாம், தேதியை மட்டும் கவனியுங்கள். 'உங்கள் ரிட்டர்ன் குறையுள்ளது, சரிசெய்து கொடுங்கள்' என்பதே அந்த நோட்டீஸின் சாரம். அவகாசம் 15 நாள். அதற்குள் பதில் தராவிட்டால் நீங்கள் ரிட்டர்னே போடாதது போல ஆகிவிடலாம்.

உங்கள் குறை என்ன? டி.டி.எஸ்.ஸைக் கேட்டிருக்கிறீர்கள், அது பிடிக்கப்பட்ட வருமானத்தைக் காட்டவில்லை. கமிஷன் என்பது தொழில் வருமானம், ஐ.டி.ஆர்.-1-இல் அதற்கு இடமே கிடையாது. அப்படியானால் ஐ.டி.ஆர்.-4 போட்டு, சிறு தொழில்களுக்கான 44ஏடி பிரிவில் ஆறு அல்லது எட்டு சதவீதம் லாபம் காட்டிவிடலாம் என்று ஏஜென்டுகளில் பலர் செய்கிறார்கள். அதுவும் தப்பு. கமிஷன், புரோக்கரேஜ் வருமானக்காரர்களுக்கு 44ஏடி பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஐ.டி.ஆர்.-3தான் உங்கள் படிவம். பயணம், தொலைபேசி, வாடிக்கையாளருக்கான செலவு என்று உண்மையில் செலவானதை ரசீதோடு கழித்து, மீதியை லாபமாகக் காட்டுங்கள்.

'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்', 'இ-புரொசீடிங்ஸ்' போய் நோட்டீஸைத் திறந்து, குறையை ஒப்புக்கொள்கிறேன் என்று தேர்ந்தெடுத்து, திருத்திய படிவத்தை அங்கேயே பதிவேற்ற வேண்டும். இதை 143(1)(ஏ) நோட்டீஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 'உங்கள் கணக்கில் இந்த மாற்றத்தைச் செய்யப்போகிறோம், சம்மதமா' என்று கேட்பது, அதற்கு 30 நாள்.

கேள்வி: செப்டம்பர் 14 இரவு ரிட்டர்னை ஏற்றினேன். இ-வெரிஃபை செய்ய மறந்தே போனேன். இப்போது பார்த்தால் வீட்டுக் கடன் வட்டியையும் தப்பாகப் போட்டிருக்கிறேன். பழைய வரி முறை. 'டிஸ்கார்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அழுத்தலாமா?
*- செங்கல்பட்டு வாசகர்*

பதில்: உங்கள் நிலைமைக்கு அந்தப் பட்டன் மருந்தல்ல. ஏற்றிய 30 நாளுக்குள் வெரிஃபை செய்தால்தான் செப்டம்பர் 14 தாக்கல் தேதியாக நிற்கும். அக்டோபர் 14 தாண்டிவிட்டதால், வெரிஃபை செய்யும் நாளே தாக்கல் நாள். அதாவது தாமத ரிட்டர்ன். ஐந்து லட்சத்துக்கு மேல் வருமானம் என்றால் 5,000 ரூபாய் கட்டணம், அதற்குள் என்றால் 1,000. அதைவிடப் பெரிய அடி, தாமத ரிட்டர்னில் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டுக் கடன் வட்டி, 80சி எல்லாம் வைத்துப் போட்ட கணக்கு அப்படியே சரியும்.

எனவே முதலில், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு 'சர்வீசஸ்' மெனுவில் 'கண்டோனேஷன் ரிக்வெஸ்ட்' போடுங்கள். ரிட்டர்னை வெரிஃபை செய்யும்போதே தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டு அங்கே கொண்டுபோகும். மருத்துவமனைச் சீட்டு மாதிரி ஆதாரம் இருந்தால் இணையுங்கள். அது ஏற்கப்பட்டால் பழைய தேதி நிற்கும், வட்டித் தொகையை டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்னில் சரிசெய்துகொள்ளலாம். 'டிஸ்கார்ட்' அழுத்தினால் அந்த வாய்ப்பும் போய்விடும். அழித்ததை மீட்க வழியில்லை.

அடுத்த ஆண்டுக்காக மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறோம். கெடுவுக்கு முன் என்றால் டிஸ்கார்ட் செய்துவிட்டுப் புதிதாகப் போடுவதில் நஷ்டமில்லை. கெடு முடிந்து, 30 நாள் இன்னும் மீதம் இருந்தால், தப்பான ரிட்டர்னையே வெரிஃபை செய்துவிட்டு, பிறகு திருத்திய ரிட்டர்ன் போடுவதே புத்திசாலித்தனம். தேதி உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: 2023-24 நிதியாண்டில் ஒரு வீட்டை மாதம் 15,000-க்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ரிட்டர்னில் காட்டவில்லை. குடியிருந்தவர் தன் அலுவலகத்தில் வாடகைப்படிக்காக என் பானைக் கொடுத்திருக்கிறார். நோட்டீஸ் வருமோ? நான் 20 சதவீத வரி வரம்பில் இருக்கிறேன்.
*- மதுரை வாசகி*

பதில்: நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த ஆண்டுக்குத் திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் 2025 ஜனவரி 15-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மீதி இருப்பது 139(8ஏ) பிரிவின் 'அப்டேட்டட் ரிட்டர்ன்', ஐ.டி.ஆர்.-யு.

ஆண்டு வாடகை 1,80,000. அதில் 30 சதவீதம், அதாவது 54,000, பராமரிப்புக்கென்று கழியும், ரசீது எதுவும் வேண்டாம். நீங்கள் கட்டிய சொத்து வரி இருந்தால் அதையும் முதலில் கழிக்கலாம். இல்லையென்று வைத்துக்கொண்டால் 1,26,000 ரூபாய் வருமானம், 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 26,208 வரி. இதோடு வட்டி. அதற்கும் மேல் 'கூடுதல் வரி' என்று ஒன்று. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம். 24 மாதத்துக்குள் 50, 36 மாதத்துக்குள் 60, 48 மாதத்துக்குள் 70. முன்பு இரண்டே ஆண்டுதான் அவகாசம் இருந்தது, 2025 ஏப்ரல் முதல் நான்கு ஆண்டாக நீட்டித்தார்கள்.

உங்கள் வரியும் வட்டியும் சேர்ந்து 32,000 ஆகிறது என்று வைப்போம். 2026 மார்ச் 31-க்குள் போட்டால் கூடுதல் வரி 8,000. ஏப்ரல் 1 அன்று அதே தவறுக்கு 16,000. ஒரு நாளில் இரட்டிப்பு. இதிலும் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் ரிட்டர்ன்.

ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் ஐ.டி.ஆர்.-யு போட முடியும். எனவே வாடகையை மட்டும் சேர்த்துவிட்டு மூடிவிடாமல், அந்த ஆண்டின் ஏ.ஐ.எஸ்.ஸை முழுக்க இறக்கி, எஃப்.டி. வட்டி, டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை எல்லாவற்றையும் ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கான மதிப்பீடோ மறுமதிப்பீடோ நடந்துகொண்டிருந்தால் இந்த வழி கிடையாது. முந்திக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2022-23 நிதியாண்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்தை 80சி-யில் காட்ட மறந்துவிட்டேன். ஐ.டி.ஆர்.-யு போட்டு ரீஃபண்ட் கேட்கலாமா?
*- திருநெல்வேலி வாசகி*

பதில்: ஐ.டி.ஆர்.-யு அரசுக்குப் பணம் கட்டுவதற்கு மட்டுமே, அரசிடமிருந்து வாங்குவதற்கு அல்ல. வரி குறைந்தாலோ ரீஃபண்ட் கூடினாலோ அது ஏற்காது. உங்களுக்கு மீதி இருப்பது 119(2)(பி) பிரிவு. தாமதத்தை மன்னித்து ரீஃபண்ட் கோரிக்கையை ஏற்கும்படி முதன்மை ஆணையருக்கு மனு. 2024 அக்டோபர் 1-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை எண் 11-இன்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் மனு செய்யலாம். உங்கள் விஷயத்தில் 2029 மார்ச் 31 வரை. ஆனால் உண்மையான சிரமத்தால்தான் தவறியது என்று காட்ட வேண்டும், 'மறந்துவிட்டேன்' என்பது பலவீனமான காரணம். ஏற்றாலும் வட்டி கிடையாது. வரவேண்டிய தொகை சில ஆயிரம்தான் என்றால் ஆடிட்டர் கட்டணத்துக்கும் அலைச்சலுக்கும் அது ஈடாகாது என்பதே எங்கள் கருத்து.

இந்த ஆண்டு நிலுவைச் சம்பளம் வாங்கி 89-ஆம் பிரிவு நிவாரணம் கேட்ட ஆசிரியர்கள் இன்னொன்றைப் பாருங்கள். படிவம் 10இ-ஐ இணையத்தில் தாக்கல் செய்யாமல் ரிட்டர்னில் மட்டும் நிவாரணத்தைக் கழித்திருந்தால் அது மறுக்கப்படும். டிசம்பர் 31-க்குள் முதலில் 10இ, அதன் பிறகு திருத்திய ரிட்டர்ன்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் எல்லாரும் ஒரே ஏஜென்டிடம்தான் ரிட்டர்ன் போடுவோம். மூன்று ஆண்டாக எனக்கு நல்ல ரீஃபண்ட். இப்போது பார்த்தால் ஓர் அரசியல் கட்சிக்கு 1,20,000 ரூபாய் நன்கொடை கொடுத்ததாக எழுதியிருக்கிறார். நான் பத்து பைசா கொடுத்ததில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
*- ஓசூர் வாசகர்*

பதில்: இன்றே விலக்கிக்கொள்ளுங்கள். இது மறதி வகையில் சேராது. இல்லாத கழிவைக் கேட்பது வருமானத்தைத் தவறாகக் காட்டுவது. பிடிபட்டால் 270ஏ பிரிவில், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். ஏஜென்ட்தான் எழுதினார் என்றாலும் ரிட்டர்ன் உங்களுடையது, ஓ.டி.பி. கொடுத்ததும் நீங்கள்.

2025 ஜூலை 14 அன்று துறை நாடு முழுக்க 150 இடங்களில் இப்படிப்பட்ட ஏஜென்டுகளைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது. அப்போது வந்த அறிவிப்பின்படி, அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் தாங்களாகவே திரும்பப் பெற்றிருந்தார்கள். தமிழ்நாட்டில் நடந்த முந்தைய சோதனைகளையும் அந்த அறிவிப்பு குறிப்பிட்டது. ஒரே ஏஜென்டின் கம்ப்யூட்டர் சிக்கினால் அவரிடம் போன அத்தனை பேரின் பானும் சேர்ந்தே சிக்கும்.

இந்த ஆண்டுக்கு, அரசியல் கட்சி நன்கொடைக்கான 80ஜிஜிசி கழிவை நீக்கித் திருத்திய ரிட்டர்ன். முந்தைய இரண்டு ஆண்டுக்கும் தனித்தனியே ஐ.டி.ஆர்.-யு. 2023-24 நிதியாண்டுக்குக் கூடுதல் வரி 25 சதவீதம், 2022-23-க்கு 50 சதவீதம், இரண்டும் 2026 மார்ச் 31 வரை. அதிகமாக வாங்கிய ரீஃபண்டும் அந்தக் கணக்கில் சேர்ந்து திரும்பக் கட்ட வேண்டியதாகும். அதே ஏஜென்டிடம் போகாதீர்கள். முதல் வேலையாகப் போர்ட்டலில் உள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். அவருடையதாக இருந்தால் நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

கேள்வி: அமெரிக்க நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் வேலை. தாய் நிறுவனப் பங்குகள் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள், விற்கவில்லை. ஐ.டி.ஆர்.-1 போட்டுவிட்டேன். தப்பா?
*- மென்பொருள் ஊழியர், சென்னை*

பதில்: தப்புதான். வெளிநாட்டுச் சொத்து ஒரு பங்கு இருந்தாலும் ஐ.டி.ஆர்.-1 கூடாது. திருத்திய ரிட்டர்னில் படிவத்தை மாற்றலாம், ஐ.டி.ஆர்.-2 போட்டு, வெளிநாட்டுச் சொத்துக்கான 'எஃப்.ஏ.' அட்டவணையை நிரப்புங்கள். அந்த அட்டவணைக்கு நிதியாண்டு கணக்கு இல்லை. இந்த ரிட்டர்னுக்கு 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. வாங்கிய மதிப்பு, ஆண்டின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, வந்த டிவிடெண்ட் எல்லாவற்றையும் ரூபாயில் காட்ட வேண்டும். புரோக்கர் கணக்கின் ஆண்டு அறிக்கையில் உச்ச மதிப்பு இருக்காது, பங்கு விலை வரலாற்றிலிருந்து நீங்களே எடுக்க வேண்டும். டிவிடெண்டில் அமெரிக்காவில் வரி பிடித்திருந்தால், அதைக் கழிக்கத் திருத்திய ரிட்டர்னுக்கு முன்பே படிவம் 67 போடுங்கள்.

காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. அசையாச் சொத்து தவிர மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். அபராதத்தில்தான் தளர்வு, காட்ட வேண்டும் என்பதில் இல்லை.

கேள்வி: ஏ.ஐ.எஸ்.ஸில் ஒரே எஃப்.டி. வட்டி இரண்டு முறை வருகிறது. நான் ஒரு முறைதான் ரிட்டர்னில் காட்டினேன்.
*- சேலம் வாசகர்*

பதில்: உங்கள் ரிட்டர்ன் சரி. ஏ.ஐ.எஸ்.ஸில் அந்தப் பதிவைத் திறந்து, 'இது வேறு தகவலில் அடங்கியது' என்ற பொருளில் உள்ள பதிலைத் தேர்ந்தெடுத்து ஃபீட்பேக் கொடுங்கள். வங்கியின் வட்டிச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: செல்ஃப் அசெஸ்மென்ட் வரி 14,600 ரூபாய் கட்டும்போது 2025-26-க்குப் பதிலாக 2024-25 என்று போட்டுவிட்டேன். கட்டி இரண்டு மாதம் ஆகிறது. ரிட்டர்னில் சலான் எண்ணைக் காட்டியும் டிமாண்ட் வந்திருக்கிறது.
*- தஞ்சாவூர் வாசகர்*

பதில்: நிதியாண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் குழப்பிக்கொள்வதால் ஆண்டுதோறும் வரும் கடிதம் இது. சம்பாதித்த ஆண்டு 2024-25, மதிப்பீட்டு ஆண்டு 2025-26. சலானில் கேட்பது இரண்டாவது.

போர்ட்டலில் 'சலான் கரெக்‌ஷன்' வசதி இருக்கிறது, ஆனால் ஆண்டை மாற்றப் பணம் கட்டிய ஏழு நாள்தான் அவகாசம். கட்டண வகையை மாற்ற 30 நாள். உங்களுக்கு இரண்டும் தாண்டிவிட்டதால் மதிப்பீட்டு அதிகாரியிடம்தான் போக வேண்டும். போர்ட்டலின் முகப்பில் 'நோ யுவர் ஏ.ஓ.' பகுதியில் பானைக் கொடுத்தால் உங்கள் வார்டு தெரியும். சலான் நகல், இன்டிமேஷன் நகல், பான் நகல், 2024-25-க்கு அந்தப் பணத்தை எங்கும் வரவு கேட்கவில்லை என்ற உறுதிமொழி, இவற்றோடு மனு கொடுங்கள். அதற்கிடையே டிமாண்டை 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று பதிந்து, காரணத்தில் சலான் விவரத்தைச் சேருங்கள். பணத்தை இரண்டாம் தடவை கட்டிவிடாதீர்கள். அதிகாரி ஆண்டை மாற்றியதும் 26ஏ.எஸ்.ஸில் 14,600 சரியான ஆண்டில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, திருச்சி வாசகருக்குச் சொன்ன அதே 'டாக்ஸ் கிரெடிட் மிஸ்மேட்ச்' ரெக்டிஃபிகேஷனைப் போடுங்கள், டிமாண்ட் விலகும்.